தொழில் கற்போம்: இறாலும் வெண்ணெய்ப்பழமும் வைத்து ஒரு வாய்த் தட்டை



சமையல் ஆர்டர் எடுத்துச் செய்யும் குழுக்கள் நம்மிடையே நிறைய இருக்கின்றன. பிரியாணி, சாம்பார் சாதம், இட்லி, முறுக்கு, அதிரசம் எல்லாம் நமக்குக் கை பழகிய வேலை. ஆனால் இப்போது காதுகுத்து, நிச்சயதார்த்தம், புதுமனை புகுவிழா என்று ஆர்டர் கொடுக்க வருபவர்கள் புதிதாக ஒன்றைக் கேட்கிறார்கள். "பந்திக்கு முன்னாடி, நின்னுக்கிட்டே கையில எடுத்துச் சாப்பிடற மாதிரி சின்னதா ஏதாவது செஞ்சு தருவீங்களா?" என்கிறார்கள். இதைத்தான் ஸ்டார்ட்டர் என்கிறோம்.

இது ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவு இருக்க வேண்டும். கையில் ஒழுகக் கூடாது. பார்க்க அழகாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் இலக்கணம். சேலத்துத் தட்டுவடை செட் சாப்பிட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். அதே தட்டையைச் சின்னதாகத் தட்டி, மேலே வெண்ணெய்ப்பழ மசியல் ஒரு கரண்டி, அதன் மேல் வறுத்த இறால் ஒன்று வைத்தால் இந்த மாதப் பாடம் தயார்.

சொல்வது சுலபம். ஆனால் இதில் சமையல் கொஞ்சம், கவனம் அதிகம். இறால் கெட்டால் விருந்தினர் மருத்துவமனைக்குப் போவார்கள். கணக்கு கெட்டால் நம் உழைப்பு வீணாகும். இரண்டையும் சேர்த்தே இந்தக் கட்டுரையில் படிப்போம்.

வெண்ணெய்ப்பழம்: தெரிந்துகொள்வோம்

பட்டர் புரூட், அவகாடோ என்று கடைகளில் சொல்வது இதைத்தான். இதன் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். நம் மாநிலத்தில் தாண்டிக்குடி, பெரும்பாறை போன்ற கீழ்ப்பழனி மலைப் பகுதிகளிலும், ஏற்காட்டிலும், நீலகிரியிலும் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இந்த மரம் நிற்கிறது. தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற ரகத்தை வெளியிட்டுள்ளது.

மெக்சிகோக்காரர்கள் இந்தப் பழத்தை மசித்து, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்து குவாக்கமோலே என்ற பெயரில் சாப்பிடுகிறார்கள். பெயர்தான் புதுசு. பொருள்களைப் பாருங்கள், எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிக்கும் கொல்லைப்புறத்துக்கும் பக்கத்தில் இருப்பவை. அடுப்பில் வைக்காத ஒரு துவையல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழத்தில் சர்க்கரை மிகக் குறைவு. நல்ல கொழுப்பும் நார்ச்சத்தும் அதிகம்.

பழம் வாங்கும்போது நான்கு விஷயம் கவனியுங்கள்.

1. இந்தக் காய் மரத்தில் பழுக்காது. பறித்த பிறகுதான் பழுக்கும். அதனால் விழாவுக்கு ஐந்தாறு நாள் முன்பே, முற்றிய கெட்டிக் காயாக வாங்கி வையுங்கள். செய்தித்தாளில் சுற்றி ஒரு வாழைப்பழத்தோடு வைத்தாலோ, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாலோ சீக்கிரம் பழுக்கும்.

2. பழுத்ததா என்று பார்க்க, காம்பு பக்கம் கட்டை விரலால் மெதுவாக அழுத்துங்கள். லேசாக அமுங்கினால் சரி. குழி விழுந்தால் அளவு மீறிப் பழுத்துவிட்டது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சில ரகம் ஊதாவாக மாறும், சில ரகம் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும்.

3. பிஞ்சில் பறித்த காய் பழுக்காது. தோல் சுருங்கி ரப்பர் மாதிரி ஆகிவிடும். நம் பக்கத்து மரங்களில் பல விதை போட்டு வளர்ந்தவை, மரத்துக்கு மரம் ருசி மாறும். ஆகவே மொத்தமாக வாங்கும் முன் அதே மரத்துக் காய் ஒன்றைப் பழுக்க வைத்து, வெட்டி, ருசி பாருங்கள்.

4. பழுத்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். காயாக இருக்கும்போது உள்ளே வைக்காதீர்கள்.

ஆடு, மாடு, கோழி வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தப் பழத்தின் தோல், கொட்டை, இலை மூன்றிலும் கால்நடைக்கும் பறவைக்கும் ஆகாத நச்சுப் பொருள் இருக்கிறது. "மிச்சம்தானே" என்று ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். குழியில் போட்டு மூடுங்கள்.

இறால்: பார்த்து வாங்குவோம்

இறால் வாங்கும்போது வியாபாரி "எத்தனை கவுண்ட்?" என்று கேட்பார். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்பதுதான் கவுண்ட். ஒரு வாய்த் தட்டைக்கு 50 கவுண்ட் சரியாக இருக்கும். 100 தட்டைக்கு 100 இறால், அதாவது 2 கிலோ. தலை, ஓடு, குடல் எல்லாம் போனால் ஏறக்குறையப் பாதி எடைதான் சதையாக நிற்கும்.

நல்ல இறால் எது? ஓடு பளபளப்பாக இருக்கும். தலை உடம்போடு ஒட்டி நிற்கும், தொட்டவுடன் கழன்று வராது. கடல் வாசனை இருக்கலாம், மூக்கைத் துளைக்கும் நெடி இருக்கக் கூடாது. தலை கறுத்திருந்தால் பழைய சரக்கு.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது கடல் இறால் வரத்து குறையும், விலை ஏறும். பண்ணையில் வளர்க்கும் வனாமி இறாலை அந்த நாட்களில் பயன்படுத்தலாம். தடைக்காலம் முடிந்து ஆடி, ஆவணி வரும்போது மலையில் வெண்ணெய்ப்பழ அறுவடையும் சேர்ந்து வருகிறது. இந்த ஆர்டர் எடுக்க நல்ல சமயம் அதுதான்.

இன்னொரு யோசனை. மலைப் பகுதிக் குழுக்களிடம் பழம் இருக்கிறது, கடலோரக் குழுக்களிடம் இறால் இருக்கிறது. இடையில் இரண்டு மூன்று கை மாறித்தான் நம்மிடம் வருகிறது. கூட்டமைப்பு மூலமாக நேரடியாக வாங்கினால் இரண்டு பக்கத்துச் சகோதரிகளுக்கும் நல்லது.

100 தட்டைக்குத் தேவையான பொருள்கள்

தட்டை: சிறியதாக 110 (எப்போதும் பத்து கூடுதலாகச் செய்யுங்கள், உடையும்). வாய்க்குள் முழுதாகப் போகும் அளவு, எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வெட்டினால் வரும் வட்டம் அளவு போதும்.

இறால்: 50 கவுண்ட், 2 கிலோ. மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 3 மேசைக்கரண்டி, எலுமிச்சம்பழம் 1, எண்ணெய், உப்பு, கறிவேப்பிலை.

மசியல்: நடுத்தர வெண்ணெய்ப்பழம் 7 (இதில் ஒன்றிரண்டு உள்ளே கறுத்திருக்கலாம், சதை 1 கிலோ கிடைத்தால் போதும்). சின்ன வெங்காயம் 150 கிராம், பச்சை மிளகாய் 5, கொத்தமல்லி ஒரு கட்டு, எலுமிச்சம்பழம் 3, உப்பு. தட்டையிலும் இறாலிலும் உப்பு இருப்பதால் மசியலில் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

செய்முறை

1. முதல் நாளே தட்டையைச் சுட்டு, நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டின்னில் போட்டு மூடுங்கள்.

2. விழா அன்று இறாலை வாங்கியவுடன் ஐஸில் போடுங்கள். இறாலும் ஐஸும் எடைக்கு எடை. தலை, ஓடு நீக்கி, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்து, கழுவி, தண்ணீர் வடித்து, மூடிய டப்பாவில் போட்டு மீண்டும் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். சுத்தம் செய்யும்போதும் மொத்தமாக வெளியே கொட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். கால் கிலோ கால் கிலோவாக எடுங்கள்.

3. மசாலாவைத் தடவி அரை மணி நேரம் ஊறட்டும். ஊறுவதும் ஐஸ் பெட்டிக்குள்தான்.

4. அகலமான சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் இருபது இருபதாகப் போட்டு வறுங்கள். கூட்டமாகப் போட்டால் தண்ணீர் விட்டு அவியும். இரண்டு மூன்று நிமிடம் போதும். கண்ணாடி மாதிரி இருந்த சதை முழுவதும் வெள்ளையாகி, அரை வட்டமாக வளைந்தால் வெந்துவிட்டது. முழுச் சக்கரமாகச் சுருண்டால் அதிகம் வெந்து ரப்பராகிவிட்டது. முதல் ஈட்டில் ஒரு பெரிய இறாலைப் பிட்டு, நடுவிலும் வெந்திருக்கிறதா என்று பாருங்கள்.

5. பழத்தை நீளவாக்கில் சுற்றிக் கீறி, திருகிப் பிரித்து, கொட்டையை எடுத்து, கரண்டியால் சதையை வழியுங்கள். உடனே எலுமிச்சைச் சாறு சேர்த்து மத்தால் மசியுங்கள். மிக்சியில் அரைத்தால் கூழாகிவிடும். அடுப்பில் காட்டினால் கசக்கும். பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி, உப்பு சேர்த்துக் கலக்குங்கள்.

6. தட்டை மேல் ஒரு தேக்கரண்டி அளவு மசியலைக் குவித்து வையுங்கள். அதன் மேல் ஒரு இறாலை லேசாக அழுத்தி உட்கார வைத்து உடனே பரிமாறுங்கள்.

அசைவம் சாப்பிடாதவர்களுக்கு இறாலுக்குப் பதில் வறுத்த பனீர்த் துண்டு அல்லது வேர்க்கடலை வைக்கலாம். அதற்குத் தட்டு வேறு, கரண்டி வேறு, நீட்டும் ஆளும் வேறாக இருக்கட்டும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்பவர்களுக்குத் தட்டைக்குப் பதில் வெள்ளரிக்காய் வட்டம் வைக்கலாம்.

சேர்ப்பது கடைசியில்

இந்தப் பலகாரத்தின் முக்கியப் பாடம் இதுதான். மூன்று பொருளும் மூன்று காரணத்துக்காக ஒன்றையே சொல்கின்றன.

தட்டை: மசியல் பட்டால் கால் மணி நேரத்தில் நமுத்துப் போகும்.

வெண்ணெய்ப்பழம்: வெட்டியவுடன் காற்றுப் பட்டுக் கறுக்கத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு அதைத் தள்ளிப் போடும், தடுக்காது. கொஞ்ச நேரம் வைத்தாக வேண்டும் என்றால், மசியலின் மேல் காற்று இடைவெளி இல்லாமல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி அழுத்தி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். கொட்டையை உள்ளே போட்டு வைத்தால் கறுக்காது என்பார்கள். கொட்டைக்கு அடியில் உள்ள இடம் மட்டும்தான் கறுக்காது.

இறால்: 5 டிகிரி செல்சியசுக்கு மேல் 60 டிகிரிக்குள் உள்ள சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊர் வெயில், மண்டபத்துச் சூடு எல்லாம் இதற்கு நடுவில்தான் வருகிறது. சமைத்த இறாலை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கோடையில் 1 மணி நேரம்தான். கெட்டுப்போனது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமலும் இருக்கலாம்.

அதனால் வீட்டிலேயே வறுத்து அடுக்கி எடுத்துப் போகாதீர்கள். மசாலா தடவிய இறாலை ஐஸில் எடுத்துப் போய், விழா நடக்கும் இடத்தில் வறுங்கள். மாலை 6 மணிக்குப் பரிமாற வேண்டும் என்றால் 5.15-க்கு அடுப்பு, 5.30-க்குப் பழம், 5.50-க்கு முதல் 25 தட்டை. அது காலியாகும்போது அடுத்த 25. ஆர்டர் பேசும்போதே "அடுப்பு வைக்க இடம், நல்ல தண்ணீர், மின்விளக்கு இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் இந்தப் பலகாரத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். வேறு ஏதாவது செய்து கொடுங்கள்.

பயிற்சியில் கேட்ட கேள்விகள்

ஒரு குழுப் பயிற்சியில் சகோதரிகள் கேட்ட சில கேள்விகள் எல்லோருக்கும் பயன்படும்.

"மேடம், எலுமிச்சம்பழச் சாத்துல ஊற வெச்சாலே இறால் வெள்ளையா ஆயிடுதே. அப்ப வெந்த மாதிரிதானே?"

இல்லைங்க அக்கா. புளிப்பு பட்டு நிறம்தான் மாறுகிறது. கிருமி சாகாது. நெருப்பில் வெந்தால்தான் வெந்தது.

"இறாலுக்குப் பதிலா சூரை மீன் வைக்கலாங்களா?"

வைக்கலாம், வேகவைத்து உதிர்த்து வைத்தால் நன்றாக இருக்கும். ஆனால் சூரை பிடித்ததிலிருந்து ஐஸிலேயே வந்ததா என்று உறுதி செய்யுங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஒருவித நஞ்சு உண்டாகும். அதை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, வாந்தி வரும்.

"மிச்சமானதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா? பிள்ளைங்க ஆசையா கேக்கும்."

தட்டையை எடுத்துப் போங்க. ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வராத இறால் இருந்தால் அதை எடுத்துப் போய் அன்றைக்கே குழம்பு வையுங்க. பரிமாறும் தட்டில் இருந்து மிஞ்சியது வேண்டாங்க. மனசு வராதுதான். ஆனா பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் சம்பாதித்ததை விட அதிகம் செலவாகும்.

சுத்தமும் பாதுகாப்பும்

• பச்சை இறால் நறுக்கிய பலகை, கத்தி, தட்டு ஆகியவற்றை வெந்த இறாலுக்கோ வெங்காயத்துக்கோ பயன்படுத்தாதீர்கள்.

• பச்சை இறாலைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மசியலைத் தொடுங்கள். வெங்காயமும் கொத்தமல்லியும் பச்சையாகச் சேர்வதால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள்.

• வயிற்றுப்போக்கு, வாந்தி, கையில் புண் உள்ளவர் அன்று சமையலில் சேர வேண்டாம். அவருக்குக் கணக்கு எழுதும் வேலை கொடுங்கள்.

• மீனுக்காக வாங்கிய கட்டி ஐஸைக் குடிக்கும் பானத்தில் போடாதீர்கள்.

• சிலருக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது. உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சுத் திணறும். உயிருக்கே ஆபத்தாகலாம். ஆர்டர் கொடுப்பவரிடம் முன்பே கேளுங்கள். பரிமாறும் மேசையில் "இறால் உள்ளது" என்று எழுதி வையுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

• வெளியாருக்குச் சமைத்து விற்பவர்கள் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற வேண்டும். எது தேவை என்பது ஆண்டு விற்பனையைப் பொறுத்தது. உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்குப் பார்ப்போம்

கீழே உள்ள விலைகள் கணக்கு கற்றுக்கொள்வதற்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

இறால் 2 கிலோ: ரூ.800
வெண்ணெய்ப்பழம்: ரூ.300
தட்டைக்கு மாவு, எண்ணெய்: ரூ.150
வெங்காயம், மசாலா, எலுமிச்சை முதலியன: ரூ.120
ஐஸ், கேஸ்: ரூ.100
காகிதத் தட்டு, கைதுடைக்கும் தாள்: ரூ.80
போக்குவரத்து: ரூ.150
மொத்தம்: ரூ.1,700

ஆக ஒரு தட்டைக்கு 17 ரூபாய். "20 ரூபாய்க்குக் கொடுப்போம், 300 ரூபாய் லாபம்" என்று தோன்றும். பல குழுக்கள் இங்கேதான் நிறுத்திவிடுகின்றன.

இதில் யாருடைய கூலி இருக்கிறது? மூன்று பேர், ஆளுக்கு 5 மணி நேரம். மொத்தம் 15 மணி நேர உழைப்பு. அந்த 300 ரூபாயைப் பதினைந்தால் வகுங்கள். மணிக்கு 20 ரூபாய். அது லாபமே இல்லை, குறைந்த கூலி. இறால்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் கணக்கு எழுதுகிறோம், நம் கைக்கு மட்டும் எழுத மறந்துவிடுகிறோம்.

மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்தால் ரூ.900. பொருளோடு சேர்த்து ரூ.2,600. சேதாரம், பாத்திரத் தேய்மானத்துக்கு நூற்றுக்குப் பத்து, ரூ.260. ஆக ரூ.2,860. குழுவின் லாபம் நூற்றுக்குப் பதினைந்து, சுமார் ரூ.430. மொத்தம் ரூ.3,290. ஒரு தட்டை 33 ரூபாய்.

"இவ்வளவு விலையா?" என்று கேட்பார்கள். இறாலைக் குறைத்தோ பழைய சரக்கு வாங்கியோ விலையைக் குறைக்காதீர்கள். இறால் தட்டை 50, பனீர் தட்டை 50 என்று கலந்து கொடுக்கலாம். அல்லது நூறு பேருக்குத் தலைக்கு ஒன்று மட்டும் என்று பேசலாம். முன்பணம் பாதி வாங்கிய பிறகே இறாலுக்குச் சொல்லுங்கள்.

முதல் ஆர்டரை 50 தட்டையோடு தொடங்குங்கள். அதற்கு முன் குழுவில் பத்துத் தட்டை செய்து, கடிகாரத்தைப் பார்த்து, எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதுங்கள். அந்தச் சீட்டுதான் உங்கள் விலைப் பட்டியலுக்கு அடிப்படை.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழு கடைசியாகச் செய்த சமையல் ஆர்டரில் கூலியைக் கணக்கில் சேர்த்தோமா? சேர்த்தால் மணிக்கு எவ்வளவு வருகிறது?

2. நம்மிடம் நல்ல ஐஸ் பெட்டி இருக்கிறதா? இல்லையென்றால் குழு நிதியில் வாங்கலாமா, பக்கத்துக் குழுவோடு சேர்ந்து வாங்கலாமா?

3. வறுப்பது யார், சேர்ப்பது யார், பச்சை இறாலைத் தொடுவது யார்? வேலைப் பிரிவினையைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

4. விருந்து வீட்டார் "மீதியை நாளைக்கு வெச்சுக்கிறோம், குடுங்க" என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

செய்து பார்த்த குழுக்கள், ஆன நேரத்தையும் செலவையும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நம் கூட்டமைப்புக்குப் பொதுவான ஒரு விலையைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.